கித்துல்கல படத்துக்குக் கிடைத்த சிலை

ஆஸ்கர் சிலையின் உயரம் 13.5 அங்குலம். நிறை 8.5 இறாத்தல். 1958 மார்ச் 26 இரவு, ஹாலிவுட்டின் பான்டேஜஸ் திரையரங்கில் அப்படிப்பட்ட ஏழு விருதுகள் ஒரே படத்துக்குப் போயின. படத்தின் பெயர் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. கதை நடப்பது சயாமில். பாலம் எழுந்ததும் வெடித்துச் சரிந்ததும் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலயில், நம் களனி கங்கையின் மேல்.

அந்த ஏழில் ஒன்றின் வரலாறு எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கிறது. அது தழுவல் திரைக்கதைக்கான சிலை. விருது பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரில் அறிவிக்கப்பட்டது. அவர் மேடைக்கு வரவில்லை. அந்தத் திரைக்கதையை எழுதியவரும் அவரில்லை. எழுதிய இருவரின் பெயர்கள் படத்தின் எழுத்தோட்டத்தில்கூட இல்லை. அவர்களில் ஒருவருடைய கைக்கும் போகாமல், அன்றிரவு சிலை வந்து சேர்ந்தது கிம் நோவாக் என்ற 25 வயது நடிகையின் கைக்கு. பூல் சார்பாக அவர் வாங்கிக்கொண்டார்.

சிலையின் பயணம் தொடங்கிய இடம் ஒரு றப்பர் தோட்டம். பியர் பூல் படித்தது பொறியியல். 1936 இல் மலாயாவுக்குப் போய் அங்கிருந்த றப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து மலாயாவில் றப்பர் தோட்டம் என்றால் பால் வெட்டுவது யார் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கேகாலையின் றப்பர் மலைகளுக்கு எந்த ஊர்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்களோ, அதே ஊர்களிலிருந்துதான் அங்கும் போனார்கள். போர் வந்தது. பூல் ஜப்பானுக்கு எதிரான அணியில் சேர்ந்து, இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்தார். பாரிஸ் திரும்பிய பின் 1952 இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய நாவலை வெளியிட்டார்.

நாவல் சொல்வது பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் கதை. 1942, 1943 இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டபோது நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மடிந்தவர்கள் ஆசியக் கூலிகள். அவர்களுக்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகை. படத்தில் அவர்கள் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் அவர்களை எழுதினார். அந்த நூல் 1993 இல்தான் வெளிவந்தது. அந்தத் தமிழர்களை விட்டுவிட்டு இந்தச் சிலையின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாவலைத் திரைக்கதையாக்க முதலில் உட்கார்ந்தவர் கார்ல் ஃபோர்மன். ‘ஹை நூன்’ எழுதியவர். பிறகு அதைத் திருத்தி முழுமையாக்கியவர் மைக்கேல் வில்சன். ‘எ பிளேஸ் இன் த சன்’ படத்துக்காக ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியவர். இருவரும் 1951 இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளைக் காட்டிக்கொடுக்கச் சொன்னார்கள், மறுத்தார்கள். அதன் பிறகு ஹாலிவுட்டில் அவர்கள் எழுதலாம், பெயர் போட முடியாது என்ற நிலை. ஆகவே நாவலாசிரியரே திரைக்கதையும் எழுதினார் என்று தயாரிப்புத் தரப்பு எழுத்தோட்டத்தில் போட்டது. ஆங்கிலத்தில் எழுதாத ஒரு பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலத் திரைக்கதை விருது கிடைத்தது இப்படித்தான்.

கித்துல்கலக்குக் கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாக ஹட்டன் வீதியில் போகவேண்டும். யட்டியாந்தோட்டையைத் தாண்டியதும் களனி கங்கை வீதியோடு சேர்ந்து வரும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் றப்பர். இன்னும் ஏறினால் கினிகத்தேனைப் பக்கம் தேயிலை. கித்துள் மரத்தால் பெயர் பெற்ற ஊர். இன்று அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் றப்பர் படகில் வெள்ளத்தோடு பாய்ந்து இறங்கும் விளையாட்டுக்காகப் போகிறார்கள். பாலம் நின்ற இடத்துக்கு வீதியோரத்தில் ஒரு பலகை வழிகாட்டும். இறங்கிப் போனால் கரையில் அத்திவாரக் கொங்கிறீட் துண்டுகள் கிடக்கும். மரமெல்லாம் வெடியோடு போய்விட்டது. ஆற்றைப் பார்த்த வாடிவீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரில் படப்பிடிப்புக் காலத்துப் புகைப்படங்கள் தொங்குகின்றன.

பாலம் 425 அடி நீளம், 90 அடி உயரம் என்று அன்றைய விளம்பரங்கள் சொல்லின. எட்டு மாதம் கட்டினார்கள். காட்டு மரங்களை இழுத்து வர யானைகள் வேலை செய்தன. இரண்டரை இலட்சம் டொலர் செலவு என்று தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் உலகெங்கும் சொல்லிக்கொண்டார். பரபரப்புக்காகப் பெருக்கிச் சொன்ன கணக்கு என்று பின்னர் எழுதியவர்களும் உண்டு. கட்டுமானம் உண்மை, வேலை உண்மை. அதைக் கித்துல்கலக்காரர்கள் கண்ணால் கண்டார்கள். 1957 மார்ச்சில் பாலத்தைத் தகர்க்கும் நாளில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவே வந்து பார்த்தார். கமராக்காரர் ஒருவர் தாம் பாதுகாப்பாக ஒதுங்கியதைக் குறிக்கும் விளக்கைப் போட மறந்ததால் வெடியை நிறுத்தவேண்டி வந்தது. கோச்சி மட்டும் பாலத்தைக் கடந்து ஓடி அப்பால் மோதி நின்றது. அதைத் திரும்பத் தூக்கி வைத்து, மறுபடி ஓட்டி, இம்முறை வெடித்தார்கள். அந்தக் காட்சிதான் படத்தின் உச்சம்.

இப்படத்தில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவு. சுமை தூக்கி வரும் சயாமியப் பெண்களும் மருத்துவத் தாதியாக ஆன் சியர்ஸும் வருவார்கள், அவ்வளவே. ஆனால் விருது இரவில் இந்தப் படத்தின் சிலைகளில் சில பெண்களின் கைகள் வழியாக நடந்தன. திரைக்கதை விருதை அறிவித்துக் கொடுத்தவர்கள் டோரிஸ் டேயும் கிளார்க் கேபிளும். வாங்கியவர் கிம் நோவாக். சிறந்த நடிகர் விருது அலெக் கின்னஸுக்கு. அவரும் வரவில்லை, அவருக்காக ஜீன் சிம்மன்ஸ் ஏறி வாங்கினார். இயக்குநர் டேவிட் லீனின் கையில் சிலையைக் கொடுத்தவர் சோபியா லோரன்.

நால்வரும் அன்று இளமையின் உச்சியிலிருந்தார்கள். சோபியாவுக்கு 23. கிம்முக்கு 25. ஜீனுக்கு 29. டோரிஸுக்கு இன்னும் சில நாளில் 36. சிலையின் பயணத்தைப் பின்தொடர்ந்து போனால் அது ஒரு ஆணின் வீட்டு அலுமாரியில் முடிகிறது. அது கடந்து வந்த கைகளைப் பின்தொடர்ந்து போனால் கதை 2025 வரை வருகிறது. எனக்கு இரண்டாவது வழியில் போகத்தான் பிடித்திருக்கிறது.

கிம் நோவாக் 1933 பெப்ரவரி 13 இல் சிக்காகோவில், செக் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். படத்தை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் ஒப்பந்த நட்சத்திரம் அவர். ஒப்பந்தம் என்றால் என்ன பெயரில் அழைப்பது, எப்படி முடி வெட்டுவது, யாருடன் வெளியே போவது என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில். மர்லின் என்ற பிறப்புப் பெயரை மாற்றவேண்டி வந்தபோதும் குடும்பப் பெயரை மாற்ற அவர் இடம் கொடுக்கவில்லை. சம்பளத்துக்காக நிறுவனத்தோடு மோதினார். விருது இரவுக்கு ஆறு வாரம் கழித்து, 1958 மேயில், ஹிட்ச்கொக்கின் ‘வெர்டிகோ’ வெளிவந்தது. ஒரு ஆண் தன் விருப்பப்படி ஒரு பெண்ணை உடுத்தி, முடி மாற்றி, இன்னொருத்தியாக ஆக்கப் பார்க்கும் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் தன் சொந்த வாழ்வில் பட்டதையே நடித்தார் என்று நான் நம்புகிறேன். அந்த நடிப்புக்கு அவருக்கு ஆஸ்கர் நியமனம்கூடக் கிடைக்கவில்லை. எந்தப் படத்துக்குமே கிடைக்கவில்லை. அந்தச் சிலையை அவர் கையில் பிடித்த மேடைத் தருணம் இன்னொருவருக்காகப் பிடித்ததுதான்.

1960களின் நடுவில் அவர் ஹாலிவுட்டை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் ஒரிகன் மாநிலத்தில், விலங்கு வைத்தியரான கணவரோடு, குதிரைகள் வளர்த்து, ஓவியம் தீட்டி வாழ்ந்தார். 2000 இல் வீடு தீப்பிடித்தது. எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை அதில் எரிந்துபோனது. 2012 இல் பிரிட்டிஷ் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை உலக விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது, அரை நூற்றாண்டாக முதலிடத்திலிருந்த ‘சிட்டிசன் கேன்’ இறங்கி ‘வெர்டிகோ’ ஏறியது. படம் வந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2014 ஆஸ்கர் மேடைக்கு விருது கொடுக்க அவரை அழைத்தார்கள். 81 வயதில் வந்தார். அன்றிரவே அவருடைய முகத்தை உலகம் முழுக்க இணையத்தில் கேலி செய்தது. முகத்தைச் சீர்ப்படுத்திக்கொண்டார், அது சரியாக அமையவில்லை என்று சிரித்தார்கள். ஒரு பெண்ணின் முகத்துக்கு இருபத்தைந்து வயதில் விலை வைத்த அதே தொழில், எண்பது வயதில் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் ஆத்திரத்தோடு நிற்கவில்லை. தன்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதி, அப்படிக் கேலிக்கு ஆளாகும் மற்றவர்களுக்காகவும் பேசினார். 2025 இல் வெனிஸ் திரைப்பட விழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தைக் கொடுத்தது. 92 வயதில் அவரே நேரில் போய் வாங்கினார். இம்முறை யார் சார்பாகவும் இல்லை.

டோரிஸ் டேயின் முதுமை வேறு விதம். கலிபோர்னியாவின் கார்மெலில் நாய்களும் பூனைகளுமாக, விலங்கு நலனுக்கென ஓர் அறக்கட்டளை நடத்திக்கொண்டு இருந்துவிட்டார். 2004 இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. விமானப் பயணத்துக்குப் பயந்தவர், போய் வாங்கவில்லை. 2011 இல், 89 வயதில், புதிய இசைத்தட்டு வெளியிட்டார். அது பிரிட்டனின் முதல் பத்துக்குள் வந்தது. தான் 1924 இல் பிறந்ததாகவே அவர் நினைத்திருந்தார். 2017 இல் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தபோதுதான் 1922 என்று தெரிந்தது. 2019 மேயில் 97 வயதில் காலமானார்.

ஜீன் சிம்மன்ஸுக்கும் அலெக் கின்னஸுக்கும் பழைய பழக்கம். டேவிட் லீனின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில் 1946 இல் இருவரும் நடித்திருந்தார்கள். அப்போது ஜீன் பதின்ம வயதுச் சிறுமி. அதனால் அவர் மேடையேறியது வெறும் முறைக்காக என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை ஆஸ்கருக்கு நியமிக்கப்பட்டும் அவருக்கு ஒரு சிலையும் வரவில்லை. பிரிட்டிஷ் அரச விருது 2003 இல் வந்தது. 2010 ஜனவரியில் இறந்தார்.

சோபியா லோரனின் கதையில் ஒரு சுவையான திருப்பம். 1962 இல் ‘டூ விமன்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலமல்லாத மொழியில் நடித்து அந்த விருதை வென்ற முதல் ஆள் அவர்தான். அன்று அவர் மண்டபத்தில் இல்லை. கிரீர் கார்சன் அவர் சார்பாக வாங்கினார். 1991 இல் கௌரவ ஆஸ்கர் வந்தபோது நேரில் நின்றார். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2020 இல் தன் மகன் எடோர்டோ பொன்டி இயக்கிய ‘தி லைஃப் அஹெட்’ படத்தில் நாஜிக் கொலைமுகாமிலிருந்து தப்பிய ஒரு கிழவியாக நடித்தார். மறு வருடம், 86 வயதில், இத்தாலியின் தாவீத் டி டொனதெல்லோ சிறந்த நடிகை விருதை வென்றார். அது வாழ்நாளைப் பாராட்டிக் கொடுத்த விருதல்ல. அந்த வருடத்து இளம் நடிகைகளோடு போட்டியிட்டு எடுத்தது. இந்த வேற்றுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதிய நடிகைக்குப் பூமாலை போடுவது எளிது. அவருக்கு ஒரு நல்ல பாத்திரம் எழுதுவதுதான் அரிது.

அதே விருது இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘சயோனாரா’ படத்துக்காக மியோஷி உமெகி துணை நடிகை விருதைப் பெற்றார். நடிப்புக்கான ஆஸ்கரை வென்ற முதல் ஆசியப் பெண். கித்துல்கலயில் ஜப்பானிய முகாம் அதிகாரியாக நடித்த செசூ ஹயகாவா, மௌனப்படக் காலத்து நட்சத்திரம், எழுபதை ஒட்டிய வயதில் துணை நடிகருக்கு நியமிக்கப்பட்டுத் தோற்றார். உமெகி வென்றார், ஆனால் அதன் பின் அவருக்கு வந்தவை ஒரே அச்சிலான சிறு வேடங்கள். 1970களின் தொடக்கத்தில் நடிப்பை விட்டார். சிலையில் இருந்த தன் பெயரைச் சுரண்டிவிட்டு அதை எறிந்துவிட்டார் என்று அவருடைய மகன் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். விருதைக் கொடுத்தால் போதாது, அதற்குப் பிறகு வேலையும் கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திரைக்கதைச் சிலைக்கு வருவோம். மைக்கேல் வில்சன் 1978 இல் இறந்தார். கார்ல் ஃபோர்மன் 1984 ஜூனில் இறந்தார். அந்த 1984 இல்தான் அகாடமி பழைய பதிவைத் திருத்தி, விருது இவ்விருவருக்கும் உரியது என்று ஏற்றது. புதிய சிலைகள் இரண்டையும் அவர்களுடைய மனைவியர் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் சிலையை ஏந்தியது பெண்களின் கைகளே. சிலைக்கு உரியவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். படத்தைப் பின்னர் செப்பனிட்டு வெளியிட்டபோது எழுத்தோட்டத்தில் வில்சன், ஃபோர்மன் பெயர்கள் சேர்ந்தன. அதற்கு முன் அந்தப் படத்தைக் கொழும்பிலும் ஹட்டனிலும் பார்த்த நம் தாத்தாமார், அதை எழுதியவர்கள் யார் என்று தெரியாமலே பார்த்து முடித்தார்கள்.

நம் நாட்டு மண்ணில் ஹாலிவுட் நடிகையர் கதை இதோடு முடியவில்லை. 1953 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதையான ‘எலிஃபன்ட் வோக்’ படத்துக்கு முதலில் வந்தவர் விவியன் லீ. படப்பிடிப்பு நடக்கையிலேயே மனநோய் முற்றி, அவர் விலகவேண்டி வந்தது. அவருடைய இடத்தில் எலிசபெத் டெய்லர் நடித்தார். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் தெரிவது விவியனே. விவியன் 1967 இல் 53 வயதில் போனார். எலிசபெத் 79 வரை இருந்து, 2000 இல் பிரிட்டிஷ் அரசின் டேம் பட்டம் பெற்றார். ஒரே பாத்திரத்தை ஏற்ற இருவரில் ஒருவருக்கே முதுமை கிடைத்தது.

ருக்மணி தேவிக்கும் கிடைக்கவில்லை. நுவரெலியா மாவட்டம் றம்பொடையில் 1923 இல் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண் அவர். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’வின் கதாநாயகி. அந்தப் படத்தை எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். 1947 ஜனவரியில் அது திரைக்கு வந்தது. நாடகத்திலும் பாட்டிலும் திரையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாடு முழுவதையும் கட்டிப்போட்டவர், 1978 ஒக்டோபரில் வீதி விபத்தில் இறந்தபோது வயது 55. இறுதிச் சடங்குக்கு நீர்கொழும்பு வீதியெங்கும் மக்கள் கூடினார்கள். மலைநாட்டில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் சிங்கள சினிமாவின் அரசியாக இருந்தார் என்பதை மலைநாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கித்துல்கல இருக்கும் அதே கேகாலை மாவட்டம் நமக்கு நெடுவாழ்வு வாழ்ந்த ஒரு நடிகையையும் தந்திருக்கிறது. இறாங்கனி சேரசிங்க, 1927 இல் பிறந்தவர். ருவன்வெல்லவின் மீதெனிய குடும்பத்துப் பெண். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லுடோவைக் நடத்திய நாடக மன்றத்தில் மேடையேறி, இங்கிலாந்து போய் பிரிஸ்டல் ஓல்ட் விக் பள்ளியில் நாடகம் பயின்று வந்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956 டிசம்பரில் வந்தபோது அதில் அவர் இருந்தார். அதே மாதங்களில்தான் அவருடைய சொந்த மாவட்டத்தில், ஆற்றின் மேல்பக்கத்தில், அன்னிய நிறுவனம் ஒன்று மரப்பாலம் கட்டிக்கொண்டிருந்தது. உலகம் ஆற்றுப் பாலத்தைப் பார்த்தது. ஆனால் இலங்கை சினிமா தன் கால்களில் எழுந்து நின்றது ‘ரேகாவ’வில்தான். அந்தப் படம் 1957 இல் கான் விழாவுக்குப் போனது.

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இறாங்கனி தாயாக, மாமியாராக, பாட்டியாகத் திரையிலும் தொலைக்காட்சியிலும் வந்தார். சிங்களம் தெரியாத தோட்டத்து வீடுகளில்கூட அந்த முகத்தைத் தெரியும். மரங்களைக் காக்கும் ‘ருக் ரக்ககன்னோ’ அமைப்பில் முன்னின்று உழைத்தார். தொண்ணூறைத் தாண்டியும் மக்கள் அவரைத் தேடிப் போய் வாழ்த்தினார்கள். அவருக்குக் கிடைத்த மரியாதையில் எனக்கு மிகவும் பிடித்தது எந்தப் பதக்கமும் இல்லை. ஒவ்வொரு தசாப்தத்திலும் இயக்குநர்கள் அவர் வயதுக்கு ஏற்ற பாத்திரத்தோடு அவருடைய வாசலுக்குப் போனார்கள் என்பதே.

கடலுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். கிம் நோவாக் பிறந்த அதே 1933 இல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர் வைஜெயந்திமாலா. 1949 இல் ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’யில் தொடங்கி, ஹிந்தித் திரையை ஆண்டு, பிறகு பரதமே வாழ்வு என்று திரும்பியவர். பத்மஸ்ரீ 1968 இல் வந்தது. பத்மவிபூஷண் வந்தது 2024 இல், 90 வயதில். அதே ஆண்டு அயோத்தியில் அவர் பரதநாட்டியம் ஆடியதை உலகம் பார்த்தது. அடவு பிசகாத அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் விருது தாமதமாகிவிட்டதே என்று வருந்தியிருப்பார்கள். நான் அப்படித்தான் வருந்தினேன். சௌகார் ஜானகிக்குப் பத்மஸ்ரீ 2022 இல், அவருக்கும் 90. முதல் படம் 1950 இல். எழுபத்திரண்டு வருடம் நடித்த பிறகு, பத்ம வரிசையின் கீழ்ப்படி.

சாவித்திரியை நினைத்தால் இன்னும் கனக்கிறது. நடிகையர் திலகம் என்று நாமே பட்டம் சூட்டினோம். 1981 டிசம்பரில், மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து, ஐம்பதை எட்டாமலே இறந்தார். 2018 இல் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கினார்கள். அவராக நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. கீர்த்தி அதற்குத் தகுதியானவர்தான். ஆனாலும் சாவித்திரியைப்போல் நடித்தவருக்குக் கிடைத்தது சாவித்திரிக்கு அவர் உயிரோடு இருந்தபோது கிடைத்திருக்கலாம்.

ஹாலிவுட் நடிகையரின் நெடுவாழ்வைப் பார்த்து நாம் வியக்கிறோம். ஒலிவியா டி ஹவிலண்ட் 104 வயது வரை இருந்தார். நூற்றொன்றை எட்டும் வேளையில், 2017 இல், டேம் பட்டம் வாங்கினார். ஆனால் அவர் இளமையில் செய்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுவேன். ஸ்டுடியோ ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு மேல் நீளக் கூடாது என்று வழக்காடி 1944 இல் கலிபோர்னிய நீதிமன்றத்தில் வென்றார். நடிகைகளின் கழுத்திலிருந்த கயிறு கொஞ்சம் தளர்ந்தது. அவருக்கு முதுமையில் வந்த பட்டங்களெல்லாம் சேர்ந்தாலும் அந்தத் தீர்ப்புக்கு ஈடாகாது. மருத்துவ வசதியும் பணமும் உள்ளவர்களுக்கு நெடுவாழ்வு வசப்படுகிறது, மரியாதை தேடி வருகிறது. நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு இரண்டுமே அரிது.

இலங்கைத் தமிழ் சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 இல் ‘சமுதாயம்’, 1972 இல் ‘குத்துவிளக்கு’, 1975 இல் வீ. பி. கணேசன் தோட்டத்து மக்களை வைத்து எடுத்த ‘புதிய காற்று’. அவற்றில் நடித்த பெண்கள், அதே காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் குரல் கொடுத்த பெண்கள், தோட்டப் பாடசாலை மேடைகளில் ஊராரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு வேடங்கட்டிய பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? சிலர் சென்னையில், சிலர் கனடாவில், சிலர் இன்னும் லயத்துக் காம்பராவில். எந்த மேடையும் அவர்களைத் தேடிப் போனதில்லை.

எங்கள் நாட்டில் அறுபது கடந்த கலைஞர்களுக்கென்றே கலாபூஷணம் என்ற அரச விருது இருக்கிறது. கலாசாரத் திணைக்களம் வழங்குவது. தமிழ்க் கலைஞர்களுக்கும் வருடந்தோறும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு யாராவது விண்ணப்பிக்கவேண்டும். நடிப்பை விட்டு நாற்பது வருடமான ஒரு அம்மா, தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகமாட்டார். போகக் கூச்சப்படுவார், படிவம் சிங்களத்தில் இருந்தால் நிரப்பவும் தெரியாது. அவரிடம் இருக்கும் சான்று, பெட்டிக்கடியில் கிடக்கும் ஒரு பழைய நாடக நோட்டீஸாகவோ மங்கிய புகைப்படமாகவோதான் இருக்கும்.

அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில், மேடையிலோ வானொலியிலோ திரையிலோ நடித்த ஒரு பாட்டியோ அம்மாவோ இருந்தால், இந்த மாதமே அவரிடம் போய் உட்காருங்கள். எந்த வருடம், எந்த நாடகம், யார் எழுதியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டீஸைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, படிவத்தை வாங்கி, நீங்களே நிரப்பி, அவருடைய கையொப்பத்தோடு கொடுங்கள்.